மேடைக்கு முன்னும் பின்னும் – 9: மண்ணில் இறங்குகிறவர்கள்

இடைவேளையில் காபிக்கு எழுந்து போகாதவர்களுக்கு ஒரு தனிக் காட்சி காத்திருக்கும். மேடைப் பணியாளர்கள் பெரிய தொட்டிகளை உருட்டி வந்து கவிழ்த்து, கரும்பழுப்பு மண்ணை மேடை முழுக்க இழுத்துப் பரப்புவார்கள். மாடித் தோட்டக்காரர்களுக்குக் கோகோபீட் தெரியும். இது தேங்காய் நார்த்தூள் இல்லை, சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்த அசல் பீட். ஜெர்மானிய நடன இயக்குநர் பீனா பாஷ், ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தத்தின் சடங்கு' இசைக்கு 1975இல் வூப்பர்டால் நகரில் அமைத்த நடனத்துக்கு இதுதான் தரை.

பாஷுக்கு வெறும் மேடை பெரும்பாலும் பிடித்ததில்லை. 1994இல் அவர் குழு சென்னையில் ஆடிய 'நெல்கன்' நடனத்தில் மேடை நிறையக் கார்னேஷன் பூக்கள். பூவை மிதித்துக்கொண்டு போய்விடலாம், மண் விடாது. ஈரம் கூடினால் கால் புதையும். காய்ந்தால் தூசி தொண்டையை அடைக்கும்.

மண் பரப்புவதால் மேடை கைவிட்டுப் போன அந்த இடைவேளையில் ஆடுபவர்கள் உடம்பைச் சூடேற்ற ஒத்திகை அறையையோ நடைபாதையையோதான் தேட வேண்டும். காலை நீட்டிப் பிடித்து அசையாமல் இழுத்து வைப்பது பழைய பழக்கம். ஒரு நிமிடத்துக்கு மேல் அப்படிப் பிடித்தால் தசையின் உந்துவிசை சற்று நேரம் குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. குதிக்கப் போகிறவருக்கு அது நஷ்டம். அதனால் இப்போது கணுக்காலைச் சுழற்றுவது, இடுப்பிலிருந்து காலை வீசுவது, மெல்ல ஓடுவது என்று இலேசாக வியர்க்கும்வரைதான். வெறுங்கால்காரர்களுக்குப் பித்தவெடிப்பு வேறு. டேப் சுற்றுவார்கள், சிலர் வெடிப்பில் ஃபெவிக்விக் மாதிரியான பசையை விட்டு ஒட்டிக்கொள்வதும் உண்டு. மருத்துவர் காதில் விழாமல் இருந்தால் சரி.

இதே நடனத்தை ஆப்பிரிக்காவின் 14 நாடுகளிலிருந்து வந்த கலைஞர்கள், ஜெர்மைன் அகோனி செனகலில் தொடங்கிய நடனப் பள்ளியில் பயின்றார்கள். 2020 மார்ச்சில் டாக்கரில் அரங்கேற்றம் என்றிருந்தபோது கொரோனா வந்தது. ஊர் திரும்புமுன் துபாப் தியலாவ் கடற்கரையில் ஒருமுறை முழுதாக ஆடினார்கள். அது படமாகவும் வந்தது. பீட்டுக்குப் பதில் கடல் மணல்.

நடனம் சுமார் 35 நிமிடம். முடிவில், சடங்கில் பலியாகிற பெண் சிவப்பு உடையில் ஆடியாடி விழுகிறாள், விளக்கு அணைகிறது. உச்ச வேகத்தில் ஓடிய உடம்பு சட்டென்று நின்றால் இரத்தம் காலில் தேங்கித் தலை சுற்றும். நடந்துகொண்டே இருக்க வேண்டும். மற்ற நிகழ்ச்சிகளில் இதற்குப் பொறுமை இருப்பதில்லை: உடை மாற்றி, வேன் ஏறி, உட்கார்ந்தபடியே தசை இறுகும். இங்கே காது, மூக்கு, நகக்கண், தலைமுடி எல்லாம் மண். குளியலறை வரிசையில் மெல்ல நகரும்போதே மூச்சு இறங்கிவிடும். இந்த அழுக்கு ஆடுபவர்களுக்கு நல்லது என்றே எனக்குப் படுகிறது.

பசி அதன்பிறகுதான். ஆட்டத்துக்கு முன் வயிறு நிறையச் சாப்பிட முடியாது. ஆகவே இரவு 11 மணிக்குச் சாப்பாடு. அட்ரினலின் அடங்காமல் 2 மணிவரை பேச்சு, சிலருக்கு பீர். பீர் தூங்க வைக்கும், ஆனால் விடியுமுன் எழுப்பியும் விடும். காலையில் வகுப்பு இருக்கிறது.

மறுநாள் வலிக்கு லாக்டிக் அமிலத்தின்மேல் பழி போடுவது இன்னும் போகவில்லை. அது ஒரு மணி நேரத்துக்குள் வடிந்துவிடும். வலிப்பது தசை இழைகளின் நுண்ணிய சிதைவு. அந்த வலி உச்சத்துக்கு வர ஒன்றிரண்டு நாளாகும். தொடர்ந்து மூன்று நாள் நிகழ்ச்சி என்றால் மூன்றாம் நாள்தான் படியிறங்கக் கைப்பிடி தேடுவார்கள்.

(தொடரும்)