பதினேழு பி வந்தால்: விசாரணையைக் கேள்வி கேட்க உங்களுக்கு உள்ள வழிகள்

அரசு அலுவலகங்களில் ‘பதினேழு பி’ என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளில் 17(ஆ)வின்கீழ் வரும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை அது. பதவியிறக்கம் முதல் பணிநீக்கம் வரை இழுத்துக்கொண்டு போகும். அண்ணாகிராமம் ஒன்றிய அலுவலகத்தில் கோப்பு பார்க்கும் உதவியாளர் ஆனாலும், பண்ருட்டி வட்டத்தில் சான்று தரும் கிராம நிர்வாக அலுவலர் ஆனாலும் விதி ஒன்றுதான்.

தப்பு செய்தவர் தண்டனை பெறத்தான் வேண்டும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. குற்றம் சாட்டுவது துறை. விசாரணை அதிகாரியை நியமிப்பதும் துறை. தண்டனை ஆணையில் கையெழுத்துப் போடுவதும் துறை. அந்த விசாரணை நேர்மையாக நடந்ததா என்று பார்க்க வெளியில் யார் இருக்கிறார்கள்?

வெளியார் பார்வை எங்கே?

தமிழ்நாட்டில் 1988-ல் மாநில நிர்வாகத் தீர்ப்பாயம் வந்தது. பணி வழக்குகளுக்கென்றே இருந்த அந்த அமைப்பு 2006-ல் மூடப்பட்டது. கர்நாடகத்திலும் கேரளத்திலும் இன்றும் அப்படியொரு தீர்ப்பாயம் உண்டு. நம் ஊழியர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். லோக் ஆயுக்தா ஊழல் புகாரை விசாரிக்கும் அமைப்பு. துறை விசாரணையின் நியாயத்தை அளப்பது அதன் வேலையில்லை.

சுதந்திரமான மறுஆய்வின் அருமையை 2003 காட்டியது. அந்த ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த சுமார் 1.7 லட்சம் ஊழியர்களை அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து விசாரணையே இல்லாமல் நீக்கியது. ஆகஸ்ட் 6 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வேலைநிறுத்தம் செய்யும் உரிமை அரசு ஊழியருக்கு இல்லை என்றது. ஆனாலும் பெரும்பாலோர் நிபந்தனையோடு திரும்ப எடுக்கப்பட்டார்கள். மீதி 6,072 பேரின் முறையீடுகளை, உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி நியமிக்கும் ஓய்வுபெற்ற நீதிபதிகள் மூவர் தனித்தனியாகப் பார்க்க ஏற்பாடானது. மொத்தமாகத் தண்டித்த இடத்தில் ஒவ்வொருவரின் கதையும் கேட்கப்பட்டது.

அது விதிவிலக்கு. மற்றபடி உயர் நீதிமன்றம் சாட்சியத்தை முதலிலிருந்து எடைபோடாது. நடைமுறை சரியா, சாட்சியமே இல்லாமல் முடிவெடுத்தார்களா, தண்டனை அளவுமீறியதா என்றுதான் பார்க்கும். அதனால் விசாரணைக் கோப்பில் நீங்கள் எழுத்தில் பதியாத ஆட்சேபம் மேலே போனபின் நிற்பது கடினம்.

குறிப்பாணை வந்ததும்

பதில் எழுதும் முன், இணைப்பில் சொல்லப்பட்ட ஆவணங்களின் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். கேட்ட கடிதத்துக்கு ஒப்புதல் முத்திரை வாங்குங்கள். இது ஏன் முக்கியம் என்பதற்கு 2020-ல் பி.எம். கிசான் என்னும் விவசாயிகள் உதவித்தொகைத் திட்டத்தில் நடந்த மோசடியே போதும். கடலூர் உட்படப் பல மாவட்டங்களில் தகுதியில்லாதவர்கள் பயனாளிகளாகச் சேர்க்கப்பட்டார்கள். அதிகாரிகளின் கடவுச்சொல் இடைத்தரகர் கைக்குப் போயிருந்தது. இதுபோன்ற வழக்கில் கடவுச்சொல்லை விற்றவரும், தெரியாமல் பறிகொடுத்தவரும் ஒரே குற்றச்சாட்டை எதிர்கொள்ள நேரலாம். இருவரையும் பிரித்துக்காட்டுவது உள்நுழைவுப் பதிவு: எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தக் கணினி. அன்று நீங்கள் களப்பணியில் இருந்தீர்கள் என்றால் பயணக் குறிப்பேடும் சாட்சி. நாளானால் இவை அழிந்துபோகலாம். முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.

விசாரணையின்போது

எதிர்ச்சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும், உங்கள் தரப்புச் சாட்சிகளை அழைக்கவும் உரிமை உண்டு. விசாரணை அதிகாரியே புகாருக்குக் காரணமானவர் என்றால் முதல் அமர்விலேயே மாற்றக் கோருங்கள். வாக்குமூலத்தைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். விசாரணை அறிக்கையின் நகலைத் தந்து உங்கள் பதிலைக் கேட்ட பிறகே துறை முடிவெடுக்கவேண்டும்; உச்ச நீதிமன்றம் 1993-லேயே வகுத்த விதி இது.

இழுத்தடித்தால்

தமிழ்நாடு வீட்டுவசதி வாரியப் பொறியாளர் ஒருவருக்கு, 1990-ல் நடந்த ஒரு கிரையப் பத்திர விவகாரத்துக்காக 2000-ல் குறிப்பாணை வந்தது. தாமதத்துக்குச் சரியான விளக்கம் இல்லை என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. கூடியவரை ஆறு மாதத்தில், அதிகபட்சம் ஓராண்டில் விசாரணையை முடிக்கவேண்டும் என்று 2015-ல் அதே நீதிமன்றம் சொன்னது. தாமதமானால் பேசாமல் இருக்காதீர்கள். விரைவாக முடிக்கச் சொல்லி மனு கொடுங்கள்.

சஸ்பெண்ட் ஆனால்

பிழைப்பூதியம் பிச்சையல்ல, உரிமை. அது வராததால் விசாரணைக்குப் போகவே கையில் காசில்லாத ஒரு ஊழியரின் பணிநீக்கத்தை 1999-ல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. மூன்று மாதத்துக்குள் குற்றச்சாட்டு தராமல் இடைநீக்கத்தை நீட்டக்கூடாது என்று 2015-ல் தீர்ப்பு வந்தது. ஆனால் மூன்று மாதம் முடிந்ததும் அது தானாக ரத்தாகிவிடாது என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2022-ல் கூறியிருக்கிறது. ஆகவே மறுஆய்வு கேட்டு நீங்கள்தான் மனு போடவேண்டும். ஓய்வுபெறும் நாளன்று சஸ்பெண்ட் செய்யும் வழக்கத்தைத் தவிர்க்க 2021-ல் அரசாணை வந்துள்ளது. அப்படி நடந்தால் அதைச் சுட்டிக்காட்டுங்கள்.

விசாரணையின்றி நீக்கக்கூடாது என்னும் அரசமைப்புச் சட்டப் பிரிவு 311-ன் பாதுகாப்பு ஒப்பந்த ஊழியருக்கு இல்லை. என்றாலும், களங்கம் சுமத்தி நீக்கினால் விளக்கம் கேட்டிருக்கவேண்டும் என்று வாதிடலாம்.

தண்டனை ஆணை கையில் கிடைத்த தேதியை அதிலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு அன்றிலிருந்து ஓடும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் கடலூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

பணி வழக்குகளுக்கான தீர்ப்பாயம் மறுபடி வேண்டும் என்று ஊழியர் சங்கங்கள் கேட்பது நியாயமே. ஊதிய உயர்வுக் கோரிக்கையின் அடியில் அதையும் ஒரு வரியாகச் சேர்த்தால் போதாது. முதல் வரியில் வைக்கவேண்டிய கோரிக்கை அது.