குளிர்கால மழையும் கோல்ப் புற்றரையும்

கோல்ப் விளையாட்டைக் கண்டிராதோரும் அது நடைபெறும் பசும்புற்பரப்பைப் படத்திலேனும் கண்டிருப்பர். விரித்த கம்பளம் போலக் கிடக்கும் அப்பரப்பு இயற்கை தானே அளித்த கொடை என எண்ணுவோர் பலர். உண்மை அதுவன்று. நெல்வயலைப் போன்றே அதுவும் மனிதரின் உழைப்பால் விளைவது. வயலை வாட்டுவது பெரும்பாலும் மழையின்மை. பிரித்தானியாவின் கோல்ப் திடல்களை வாட்டுவதோ குளிர்காலத்தில் ஓயாது பெய்யும் மழையாகும்.

இங்கிலாந்தில் 2022 ஒக்டோபர் தொடக்கம் 2024 மார்ச் வரையுள்ள 18 மாதங்களில் ஏறத்தாழ 1,696 மில்லிமீற்றர் மழை பெய்தது. 1836 ஆம் ஆண்டிலிருந்து பேணப்பட்டு வரும் மழைக் கணக்கில், தொடர்ந்த 18 மாதங்களில் இத்துணை மழை வேறெப்போதும் பெய்ததில்லை. நம் நாட்டு மலைப்பகுதி மக்களுக்கு இத்தொகை வியப்பளிக்காது. ஆயினும் குளிர்நாட்டில் வெயிலின் வலிமை குறைவு. நிலத்தில் இறங்கிய நீர் ஆவியாகி மேலெழுவதற்கு வழியில்லை. புல்லும் உறக்க நிலையில் இருப்பதால் நீரை மிகுதியாக உறிஞ்சுவதில்லை. எனவே ஒக்டோபரில் ஊறிய களிமண் நிலம் ஏப்ரில் வரை உலராமற் கிடத்தலும் உண்டு.

நீர் மிகுந்தால் புல்லுக்கு வரும் கேடு யாது? மண் என்பது திண்மமான ஒரு பொருளன்று. துணிக்கைகளும் அவற்றின் இடையேயுள்ள வெளிகளும் சேர்ந்ததே மண். பெரிய இடைவெளிகளில் காற்றும் சிறிய இடைவெளிகளில் நீரும் தங்குகின்றன. புல்லின் வேர் உயிர்வாழ ஒட்சிசன் வேண்டும். இடைவெளிகள் யாவும் நீரால் நிரம்பியபோது, காற்றில் எளிதிற் பரவும் ஒட்சிசன், அதனிலும் ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே நீரினூடு செல்ல முடிகின்றது. வேர் மூச்சடைத்துக் குறுகுகின்றது. மண்ணை வெட்டிப் பார்த்தால் கருநிறமும் அழுகிய முட்டை போன்ற நாற்றமும் காணப்படும். காற்றற்ற மண்ணின் அடையாளம் அதுவே.

இதனினும் பெரிய கேடு மனிதக் கால்களால் வருவது. நெற்பயிர் செய்வோர் வயலிலே நீர் கட்டி, உழுது, மிதித்துச் சேறாக்குவதை நாம் அறிவோம். நீர் கீழே இறங்கிவிடாதபடி மண்ணின் இடைவெளிகளை அடைப்பதே அதன் பயன். ஈரமான கோல்ப் தரையில் ஆட்டக்காரர் நடப்பதும், கைவண்டியை இழுத்துச் செல்வதும், புல்வெட்டும் பொறி உருள்வதும் அதே வேலையைச் செய்கின்றன. வயலில் விரும்பிச் செய்யப்படுவது அங்கே விரும்பாமல் நேர்கின்றது. அவ்வாறு இறுகிய தரையில் அடுத்த மழை உள்ளிறங்காது, மேலே தேங்கும், மேலும் சேறாகும். ஒரு தீமை மற்றொன்றை ஈன்று பெருகும்.

ஆதலின், புற்றரைக் காவலரின் முதற்கடமை ஒரு வேலையைச் செய்வதன்று. வேலையையும் விளையாட்டையும் நிறுத்துவதாகும். இது சொல்லுதற்கு எளிது, செய்தற்கு அரிது. உறுப்பினர் ஆண்டுக் கட்டணம் செலுத்தியுள்ளனர். வாரக்கணக்கில் வீட்டிலிருந்து சலித்தவர்கள், வெயில் முகங்காட்டிய முதல் ஞாயிறன்று திடலைத் திறக்குமாறு வற்புறுத்துவர். கழகத்துக்கோ வருவாய் வேண்டும். மேற்பரப்பு காய்ந்திருப்பதைக் கண்டு அவர்கள் பேசுகின்றனர்; இரண்டங்குலத்தின் கீழ் மண் கூழாக இருப்பதைக் காவலர் அறிவார். ஒரு நாளில் நூறு பேர் நடந்த தடம் ஆறு மாதம் மாறாதிருக்கலாம். அன்று 'இயலாது' என்று சொல்லத் துணியாத காவலர், கோடையில் பாழ்பட்ட தரைக்காக அதே உறுப்பினரின் பழிச்சொல்லைக் கேட்க நேரும். ஆதலால், நல்ல கழகங்கள் திறப்பதா மூடுவதா என்னும் முடிவைத் தரையை அறிந்தவரிடமே ஒப்படைக்கின்றன. குழி அமைந்துள்ள மென்புற்றரையைக் காப்பதற்காக, அதற்குச் சற்று முன்னே தற்காலிகக் குழியொன்றை வெட்டி ஆட்டத்தை அங்கே முடிப்பதும், கயிறு கட்டி நடைவழியை நாள்தோறும் மாற்றுவதும் இடைக்கால வழிகளாகும்.

2024 பெப்ரவரி மாதம் இந்த இக்கட்டு இன்னும் கடுமையாயிற்று. இங்கிலாந்திலும் வேல்சிலும் பதிவான பெப்ரவரி மாதங்களுள் அதுவே மிக வெப்பமானது. மண்ணின் வெப்பம் ஆறு பாகை செல்சியசு அளவை அடையும்போது புல் வளரத் தொடங்கும். ஆகவே புல் வளர்ந்தது. ஆனால் வெட்டும் பொறியைத் தாங்கும் வலிமை நிலத்திற்கு இல்லை. வெட்டினால் தரை கெடும். வெட்டாவிடில் புல் நீண்டு சாயும். இத்தகைய வேளையில் பாரம் குறைந்த கைப்பொறியைக் கொண்டு, காய்ந்த மேட்டுப்பகுதிகளை மட்டும், அலகை உயர்த்தி வைத்து வெட்டுவதே அறிவுடைமை. கோடையில் மூன்று நான்கு மில்லிமீற்றருக்கு வெட்டப்படும் மென்புற்றரை, குளிர்காலத்தின் இறுதியில் ஐந்து ஆறு மில்லிமீற்றர் உயரத்தில் விடப்படும். இலை குறைந்தால் உணவு குறையும். உணவு குறைந்தால் வேர் குறையும் என்பதே இதன் காரணம்.

மழை ஓய்ந்தபின் செய்யவேண்டியது நீரின் வழியை அறிதல். தேங்கிய குட்டைகளைத் திடலின் வரைபடத்திற் குறித்துக்கொள்வதற்கு மழைக்காலமே ஏற்றது. குட்டையின் காரணம் அவ்விடத்திலேயே இருக்க வேண்டுமென்பதில்லை. நூறு யார் தூரத்தில் இலைகுழை அடைத்த வாய்க்காலொன்று, மேலேயுள்ள வடிகுழாய்கள் அனைத்தையும் பயனற்றவையாக்கிவிடும். எனவே புதிய குழாய் புதைக்குமுன் பழைய வாய்க்காலைத் துப்புரவாக்குவதே சிக்கனமான வழி. புதிதாகப் புதைப்பதாயின், மீன்முள் வடிவில் கிளைக்குழாய்களை அமைத்து, அவற்றைச் சரளைக்கல்லால் மூடி, ஒரே சீரான சாய்வில் வாய்க்காலுக்குக் கொண்டு செல்வர்.

அடுத்தது, இறுகிய மண்ணுக்குக் காற்றூட்டல். உள்ளீடற்ற இரும்பு முனைகள் பொருந்திய பொறி, தரையில் விரலளவான துளைகளையிட்டு மண்ணுருளைகளை வெளியே எடுக்கும். நீண்ட திண்முனைகளுடைய பொறிகள் 25 சதமமீற்றர் ஆழம் வரை இறங்கி, மண்ணைச் சற்றே நெம்பிப் பிளக்கும். இதிலும் காலம் தவறலாகாது. மண் கூழாயிருக்கும்போது துளையிட்டால், துளையின் சுவர் பூசி மெழுகிய பானைபோல் அடைபட்டுவிடும். கையில் எடுத்த மண் பிசைபடாது உதிரும் நாளே அதற்குரிய நாள்.

துளைகளில் மணலை நிரப்புவர். மணலின் பயனைப் பரப்பியவர் ஸ்கொத்லாந்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரரும் சென்ற் அன்ட்றூஸ் திடலின் காவலருமான மூத்த ரொம் மொறிஸ் (1821–1908). அவர் பிறெஸ்ற்விக் திடலில் பணியாற்றியபோது தள்ளுவண்டியிலிருந்து தற்செயலாய் மணல் கொட்டிய இடத்தில் புல் செழித்ததாகவும், அதுமுதல் அவர் மணலைத் தாமே தூவத் தொடங்கியதாகவும் ஒரு செய்தி வழங்குகின்றது. ஆயினும் எல்லா மணலும் ஆகாது. ஓராண்டு நுண்மணலும் மறு ஆண்டு பருமணலும் இட்டால், மண்ணில் படைகள் தோன்றும். நுண்படையில் உள்ள நீர் பருமணற் படைக்குள் எளிதில் இறங்காது தொங்கி நிற்கும். இவ்வியல்பை வேண்டுமென்றே பயன்படுத்தியதே அமெரிக்கக் கோல்ப் சங்கம் 1960 இல் வெளியிட்ட தரையமைப்பு முறை. சரளைப் படையின்மேல் 30 சதமமீற்றர் மணற்கலவை இடப்படும். வேண்டிய நீர் மேலே தங்கும். மிகுதி கீழே வடியும். பிரித்தானியாவின் பழைய திடல்கள் பலவும் அவ்விடத்து மண்ணாலேயே ஆனவை. ஆதலால் அங்கே ஆண்டுதோறும் ஒரே வகை மணலைச் சிறிது சிறிதாய்த் தூவுவதே தக்கது.

நோயும் நலிந்த வேளையை நோக்கியே வரும். குளிரும் ஈரமும் சேர்ந்தபோது பியூசேரியம் என்று காவலர் அழைக்கும் பங்கசு, புற்றரையில் செம்பழுப்பு வட்டங்களை உண்டாக்கும். அதற்கெதிராக நெடுங்காலம் பயன்பட்ட ஐப்புரோடையோன் என்னும் மருந்து பிரித்தானியாவில் 2018 இல் விலக்கப்பட்டது. எனவே இன்று காவலர் காலையில் பனிநீரைத் துடைத்தும், நிழல் தரும் கிளைகளை வெட்டிக் காற்றோட்டம் தந்தும், நைதரசன் உரத்தைச் சிறு அளவில் இட்டும் தரையைக் காக்கின்றனர். மண்புழுக்கள் மேலே தள்ளும் மண்ணும் தொல்லையே. அது மிதிபட்டால் சேறாகும். ஆனால் மண்புழு நிலத்தை வளப்படுத்தும் திறத்தைச் சாள்ஸ் டார்வின் 1881 இல் தனி நூலாக எழுதினார். அதன் துளைகள் வழியாகவும் நீர் வடிகின்றது. ஆதலால் அதனைக் கொல்லாது, காய்ந்த நேரத்தில் அது தள்ளிய மண்ணைத் தூரிகையாற் பரப்பிவிடுவதே சிறந்தது.

பிரித்தானியர் இவ்விளையாட்டை இலங்கைக்குக் கொண்டுவந்து, கொழும்பில் 1879 இலும் நுவரெலியாவில் 1889 இலும் கழகங்களை நிறுவினர். நம்மவருள் கோல்ப் ஆடுவோர் சிலரே. ஆயினும் பாடசாலை மைதானம் இல்லாத ஊர் அரிது. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த மறுநாளே மாணவர் பந்துடன் ஓடிவருவதும், மாசி மாதத்தில் அம்மைதானம் ஓடுபோல் இறுகிப் புல்லின்றிக் கிடப்பதும் எங்கும் காணும் காட்சி. அங்கும் மருந்து இதுவே: வாய்க்காலைத் திறத்தல், மண் உதிரும் நிலைக்கு வந்தபின் கவர்முள்ளாற் குத்திக் காற்றூட்டல், மணல் தூவல். இவற்றுக்கெல்லாம் முன்னதாக, சில நாட்களேனும் நிலத்தை மிதியாது விடுதல். கேட்டதும் திறந்துவிடும் காவலரைவிட, உரிய நாள்வரை கதவை மூடிவைக்கும் காவலரே மைதானத்துக்கும் அதில் ஆடும் பிள்ளைகளுக்கும் உற்ற நண்பராவார்.