மதுவிலக்கும் தனிமனித உரிமையும்: வடாலா தரும் படிப்பினை

பம்பாயின் துறைமுக ரயில் பாதையில் அமைந்த வடாலாவும், அதனை அடுத்துள்ள ஆன்டாப் ஹில், சயான் கோலிவாடா, தாராவி ஆகிய பகுதிகளும் பிழைப்புத் தேடி வந்த தமிழ் மக்கள் பெருமளவில் குடியேறிய இடங்களாகும். உப்பளங்களும் சதுப்பு நிலமும் சூழ்ந்திருந்த இவ்வட்டாரம் ஒரு காலத்தில் கள்ளச்சாராயத்திற்குப் பெயர் பெற்றிருந்தது. இதற்கு மக்களின் இயல்பு காரணமன்று. அன்று நடைமுறையிலிருந்த சட்டமும் வறுமையும் நிலத்தின் அமைப்புமே காரணங்களாகும்.

சட்டம் பிறந்த வரலாறு

பம்பாய் நகரில் முதன்முறையாக 1939 ஆகஸ்டு 1 அன்று மதுவிலக்கு புகுத்தப்பட்டது. காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகியபின் அம்முயற்சி தளர்ந்தது. விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட 1949ஆம் ஆண்டு பம்பாய் மதுவிலக்குச் சட்டத்தின்கீழ், 1950 ஏப்ரலில் மாநிலம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. போதைப் பொருள்களை மருத்துவத்திற்கன்றி வேறெதற்கும் பயன்படுத்துவதைத் தடுக்க அரசு முயல வேண்டும் என்னும் அரசியல் சட்டத்தின் 47ஆவது விதி இதற்கு ஆதாரமாயிற்று.

ஆயினும், ஒருவர் தம் வீட்டில் அருந்துவதை அரசு தடுக்கலாமா என்ற வினா உடனே எழுந்தது. விஸ்கி, பிராந்தி முதலியவற்றோடு ஓடிகொலோன், லவெண்டர் நீர், சாராயம் கலந்த மருந்துகள் ஆகியவற்றையும் வைத்திருக்கவும் பயன்படுத்தவும் தமக்கு உரிமை உண்டென்று பல்சாரா என்பவர் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1951 மே மாதம் வழங்கிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், மருந்துகளையும் ஒப்பனைப் பொருள்களையும் தடை செய்த பகுதிகள் செல்லாவென்று அறிவித்தது. மதுவகைகள் மீதான தடை செல்லுமென உறுதி செய்தது. உரிமைக்கு நியாயமான வரம்பு உண்டு. அவ்வரம்புக்கும் ஓர் எல்லை உண்டு என்பதே இத்தீர்ப்பின் சாரம்.

ஒரே சட்டம், இருவேறு விளைவுகள்

சட்டம் அனைவருக்கும் பொதுவாக இருந்தபோதிலும் அதன் சுமை சமமாக விழவில்லை. உடல்நலத்தைக் காரணமாகக் காட்டி அனுமதிச் சீட்டுப் பெறும் வழி சட்டத்திலேயே இருந்தது. மருத்துவரை அணுகிச் சான்றிதழ் பெறும் வசதி படைத்தோர் அவ்வழியைப் பயன்படுத்தினர். கூலித் தொழிலாளிக்கோ சேரியில் காய்ச்சிய சாராயமே கிட்டியது. வெல்லமும் நவச்சாரமும் இட்ட ஊறல் சதுப்பு நிலங்களில் புதைக்கப்பட்டது. காய்ச்சிய சரக்கு டயர் ட்யூப்களில் அடைக்கப்பட்டு நகருக்குள் சென்றது. இத்தொழிலின் வருவாய் தனி அதிகார மையங்களை உருவாக்கிற்று. 1970களில் இவ்வட்டாரத்தில் செல்வாக்குப் பெற்றிருந்த வரதராஜ முதலியார் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. 1960களிலிருந்தே மதுவிலக்கு படிப்படியாகத் தளர்த்தப்பட்டது. எனினும், மகாராஷ்டிரத்தில் மது அருந்த அனுமதிச் சீட்டு தேவை என்னும் விதி இன்றும் ஏட்டளவில் நீடிக்கிறது.

தடையை நீக்கினால் போதுமா?

தடையே தீங்கின் மூலம் எனில், தடையற்ற இடங்களில் தீங்கு மறைந்திருக்க வேண்டும். அனுபவம் அவ்வாறு கூறவில்லை. மதுக்கடைகள் திறந்திருந்த மும்பையின் மால்வணியில் 2015 ஜூனில் நச்சுச் சாராயத்திற்கு நூற்றுக்கும் மேற்பட்டோர் பலியாயினர். தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மதுவிலக்கு நிலவும் குஜராத்தின் போட்டாத் வட்டாரத்திலோ 2022 ஜூலையில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மூன்று இடங்களிலும் உயிரைக் குடித்தது மெத்தனால். இது கல்லீரலில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைச் சிதைக்கிறது, உயிரையும் பறிக்கிறது. சட்டப்படி விற்கும் மதுவின் விலை ஏழைக்கு எட்டாதபோது, மலிவான கள்ளச் சரக்கு அவ்விடத்தை நிரப்புகிறது.

இங்கேதான் தனிமனிதப் பொறுப்பு என்னும் கருத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். தம் செயலின் விளைவைத் தாமே ஏற்பதுதான் பொறுப்பு எனில், அவ்விளைவை அறியும் வாய்ப்பு முதலில் வேண்டும். தம் குவளையில் இருப்பது எத்தனாலா மெத்தனாலா என்று அறிய வழியில்லாதவர் சுதந்திரமாகத் தேர்ந்தெடுத்தார் என்று கூறுவது பொருந்தாது. மேலும், குடிப்பவர் ஒருவராயினும் கூலியை இழப்பது குடும்பம் முழுவதுமே.

போதைப் பொருள்களும் சட்டமும்

1980களில் பிரவுன் சுகர் எனப்படும் ஹெராயின் பம்பாயில் பரவியபோது இதே வினா கடுமையான வடிவில் எழுந்தது. 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் கடத்தலுக்குக் கடுந்தண்டனை விதித்தது. சொந்தப் பயன்பாட்டையும் அது குற்றமாகவே கருதுகிறது. எனினும் அதற்குரிய தண்டனை, பொருளுக்கேற்ப ஆறு மாதம் அல்லது ஓராண்டு வரையிலான சிறையாகவோ அபராதமாகவோ அமைகிறது. தாமே முன்வந்து சிகிச்சை பெறும் அடிமையானோருக்கு வழக்கிலிருந்து விலக்களிக்கவும் 64-ஏ பிரிவு வகை செய்கிறது. கஞ்சாச் செடியின் இலையிலிருந்து செய்யப்படும் பாங்கு இச்சட்டத்தின் வரையறைக்குள் வருவதில்லை. அதனை மாநிலச் சட்டங்களே ஒழுங்குபடுத்துகின்றன.

போர்ச்சுகல் நாடு 2001இல் வேறு வழியைக் கைக்கொண்டது. பத்து நாள் சொந்தப் பயன்பாட்டிற்கு மேற்படாத அளவில் வைத்திருப்போர் குற்றவாளிகளாக நடத்தப்படாமல், ஆலோசனைக் குழுக்களின் முன் அனுப்பப்படுகின்றனர். விற்பனை அங்கும் குற்றமே. முழுத் தடைக்கும் முழு விடுதலைக்கும் இடையே பல படிகள் உண்டு என்பதை இது காட்டுகிறது.

நிறைவாக

வடாலாவின் அனுபவம் தடையை ஆதரிப்போர்க்கும் எதிர்ப்போர்க்கும் ஒரே எச்சரிக்கையை விடுக்கிறது. செல்வர்க்கு விலக்கும் ஏழைக்குச் சிறையும் அளிக்கும் தடை அறத்தை வளர்ப்பதில்லை. நஞ்சையும் வறுமையையும் கண்டுகொள்ளாத சுதந்திரம் உரிமையாவதுமில்லை. மெத்தனால் வாணிகத்தின் மீது இடையறாக் கண்காணிப்பு, அருகிலேயே கிடைக்கும் சிகிச்சை, அச்சமின்றி உதவி நாடும் சூழ்நிலை, வேலைவாய்ப்பு ஆகியவை அமைந்தாலன்றி எச்சட்டமும் தன் நோக்கத்தை எய்தாது. பொறுப்புள்ள குடிமகனை எதிர்பார்க்கும் அரசு, பொறுப்பை ஏற்கத்தக்க வாழ்க்கையை அவனுக்கு அமைத்துத் தருவதும் தன் கடமையென உணர்தல் வேண்டும்.