டோபமைன் வெறும் 'மகிழ்ச்சி ஹார்மோன்' தானா? காபி முதல் பார்க்கின்சன் வரை ஒரு விளக்கம்

'டோபமைன் டீடாக்ஸ்', 'டோபமைன் பூஸ்டர்' என்று ரீல்ஸில் தினமும் ஏதாவது ஒன்று கண்ணில் படுகிறது. பிரியாணி சாப்பிட்டாலும் டோபமைன், லைக் வந்தாலும் டோபமைன். ஆனால் மூளையில் இதற்கு இருக்கும் முக்கிய வேலையே வேற. 'இதுக்காக எழுந்து போகலாமா, வேணாமா?' என்று முடிவெடுக்கவும், எழுந்த பிறகு கை கால்களை அசைக்கவும் டோபமைன் வேண்டும். அதையும் அது தனியாகச் செய்வதில்லை.

அசைவுக்கும் டோபமைனுக்கும் என்ன தொடர்பு?

இதைக் கண்டுபிடிக்க உதவியது நம்ம நாட்டு மூலிகையான சர்ப்பகந்தா. அதிலிருந்து கிடைக்கும் ரெசர்பின் என்ற மருந்து, மூளையில் உள்ள டோபமைன் சேமிப்பைக் காலி செய்துவிடும். 1957-ல் ஸ்வீடன் விஞ்ஞானி அர்விட் கார்ல்சனின் குழு முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தது. அவை அசையாமல் கிடந்தன. மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் எல்-டோபாவைச் செலுத்தியதும் எழுந்து நடமாடின. பார்க்கின்சன் நோய்க்கு இன்றும் முக்கிய மருந்து இந்த எல்-டோபாதான். கார்ல்சனுக்கு 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, மோட்டிவேஷன்?

அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ஜான் சலமோன் குழு எலிகளை வைத்து இதைச் சோதித்தது. ஒரு பக்கம் கொஞ்சம் உணவு, சும்மா கிடைக்கும். இன்னொரு பக்கம் அதிக உணவு, ஆனால் தடுப்பை ஏறித் தாண்டணும். சாதாரண எலிகள் ஏறிப் போயின. டோபமைன் வேலை செய்வதைத் தடுத்ததும், கிடைத்தது போதும் என்று இருந்துவிட்டன. சாப்பாட்டு ஆசை அப்படியேதான் இருந்தது. மெனக்கெடும் மனசு குறைந்துவிட்டது.

இதில் காபி எங்கே வருகிறது?

நாம் விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். மூளையின் ஸ்ட்ரையேட்டம் பகுதியில், சில செல்களில் டோபமைனுக்கான ஏற்பியும் அடினோசினுக்கான ஏற்பியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. டோபமைன் சொல்வதற்கு நேர் எதிராக அடினோசின் சொல்லும், கிட்டத்தட்ட பிரேக் மாதிரி. காபியில் உள்ள கஃபீன் அடினோசினின் சீட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பிரேக் லூசாகிறது, சுறுசுறுப்பு வருகிறது. ஆனால் அடினோசின் எங்கேயும் போய்விடவில்லை. அதனால்தான் காபியின் வேகம் இறங்கியதும் தூக்கம் தள்ளுகிறது.

இதே வழியில் வேலை செய்யும் இஸ்ட்ராடெஃபிலின் என்ற மருந்துக்கு, எல்-டோபாவுடன் சேர்த்துக் கொடுக்க ஜப்பான் 2013-லும், அமெரிக்கா 2019-லும் அனுமதி தந்தன. அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு பொருளும் ஸ்ட்ரையேட்டத்தில் டோபமைனோடு இழுபறியில் இருக்கிறது. டோபமைன் குறைந்தால் அதன் கை ஓங்கும். பார்க்கின்சன் நடுக்கத்துக்கு அதைக் குறைக்கும் மாத்திரைகளும் உண்டு.

அப்போ 'பூஸ்டர்' பவுடர் வாங்கலாமா?

ஆன்லைனில் விற்கும் பல பவுடர்கள் பூனைக்காலி விதையால் ஆனவை. அதில் எல்-டோபா நிஜமாகவே இருக்கிறது. 1937-லேயே சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இரு ஆய்வாளர்கள் அதைப் பிரித்தெடுத்தார்கள். சிக்கலும் அங்கேதான். எல்-டோபா ஒரு மருந்து. எவ்வளவு இருக்கிறது என்பது பவுடருக்குப் பவுடர் மாறும். குமட்டல், ரத்த அழுத்தம் குறைவது போன்ற பக்க விளைவுகள் வரலாம். ஏற்கெனவே வேறு மருந்து எடுப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

வீட்டில் எதைக் கவனிக்கணும்?

அப்பாவோ அம்மாவோ நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் இருக்கிறதா? கையெழுத்து சின்னதாகிக்கொண்டே போகிறதா? முன்பு ஆர்வமாகச் செய்ததை இப்போது தொடுவதே இல்லையா? 'வயசாயிடுச்சு', 'சோம்பேறித்தனம்' என்று விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். இவை வேறு காரணங்களாலும் வரலாம். எதனால் என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.