மறுக்க முடிந்தவரின் ரத்தம்

பெரிய ஆஸ்பத்திரி எதற்கும் எதிரே ஒரு டீக்கடை இருக்கும். அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும், செல்போனில் இப்படி ஒரு பேச்சு காதில் விழும்: “மாப்ளே, உனக்கு ஓ பாசிட்டிவ்தானே? நாளைக்கு அப்பாவுக்கு ஆபரேஷன். ரெண்டு யூனிட் கேட்கிறாங்க. வெளியாளு ரத்தம் எப்படி இருக்குமோ, நம்ம ஆளுன்னா பயமில்ல பாரு.” மறுமுனையில் இருப்பவர் “இதோ கிளம்பிட்டேன்” என்பார். வேறு என்ன சொல்ல முடியும்?

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்வோம். சொந்தக்காரர் ரத்தம்தான் பாதுகாப்பானது என்று நம்மில் அநேகமாக எல்லோரும் நம்புகிறோம். அந்த நம்பிக்கை இடறும் இடம் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. அங்கே போய்ச் சேருவதற்கு முன்னால், ஒரு பை ரத்தம் எந்த வழியாக நோயாளிக்கு வருகிறது என்று பார்த்துவிடலாம்.

மாப்பிள்ளை ரத்த வங்கிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 18 முதல் 65-க்குள் இருக்க வேண்டும். எடை 45 கிலோவாவது வேண்டும். ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையக் கூடாது. 350 மில்லி எடுப்பார்கள். எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் 450 மில்லியும் எடுக்கலாம். பிறகு அந்தப் பையை வேகமாகச் சுழலும் எந்திரத்தில் வைப்பார்கள். கலங்கல் தண்ணீரைத் தெளிய வைத்தால் மண் அடியில் தங்குவது போல, கனமான சிவப்பணுக்கள் கீழே இறங்கிவிடும். மஞ்சள் நிறப் பிளாஸ்மா மேலே நிற்கும். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களையும் தனியே பிரித்துவிடுவார்கள். ஆக, ஒருவர் கொடுத்தது மூன்று பேர் உடம்புக்குள் போகலாம். ரத்தத்தில் இருக்கும் நல்லது மூன்றாகப் பிரிவது போலவே கெட்டதும் பிரியும்.

அதற்காகத்தான் பரிசோதனை. நம் நாட்டில் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, மேகநோயான சிபிலிஸ், மலேரியா என ஐந்துக்கும் ஒவ்வொரு பையையும் சோதித்தே ஆக வேண்டும். “அப்புறம் என்ன, டெஸ்ட் பண்ணித்தானே ஏற்றுகிறார்கள்? யார் கொடுத்தால் என்ன?” என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான்.

இதற்குப் பதிலை வயலில் தேடலாம். நேற்று விதைத்த வயலை இன்று வரப்பில் நின்று பார்த்தால் வெறும் மண்தான் தெரியும். விதை உள்ளே இருக்கிறது, முளைதான் வரவில்லை. கிருமி தொற்றிய உடம்பும் அப்படித்தான். பழைய பரிசோதனைகளில் பல கிருமியை நேரடியாகத் தேடுவதில்லை. அதை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடுகின்றன. அது முளைக்க நாள் ஆகும். எச்.ஐ.வி. என்றால் சுமார் மூன்று வாரம். அதற்குள் எடுத்த ரத்தத்தில் கிருமி இருக்கும்; பரிசோதனையோ ‘இல்லை’ என்று சொல்லும். இந்த இடைவெளியைச் சாளரக் காலம் என்கிறார்கள்.

இப்போது மண்ணைக் கிளறி விதையையே தேடும் பரிசோதனையும் வந்துவிட்டது. கிருமியின் மரபுப் பொருளைப் பெருக்கிப் பார்க்கும் அந்த முறையை ‘நாட்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். எச்.ஐ.வி.யின் சாளரக் காலத்தை அது சுமார் 11 நாளாகக் குறைத்துவிடுகிறது. செலவு அதிகம் என்பதால் எல்லா ரத்த வங்கியிலும் அது கிடையாது. இருக்கும் இடத்திலும் சாளரம் சிறிதாகிறதே தவிர முழுசாக மூடுவதில்லை.

அந்த மிச்ச இடைவெளியை எந்த எந்திரமும் அடைப்பதில்லை. அடைப்பது ஒரு தாள். ரத்தம் எடுப்பதற்கு முன் நீட்டுவார்களே, கேள்வித்தாள், அதுதான். சமீபத்தில் காய்ச்சல் வந்ததா? மஞ்சள் காமாலை இருந்ததா? பச்சை குத்திக்கொண்டீர்களா? ஊசியில் போதைப் பழக்கம் உண்டா? புதிய பாலுறவுத் தொடர்பு உண்டா? பச்சை குத்தியவரை 12 மாதம் கழித்து வரச் சொல்வார்கள். அவரைத் தள்ளிவைக்கும் எண்ணம் இதில் இல்லை. முளைவிடும் வரை காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பரிசோதனைக்குத் தெரியாத அந்த நாட்களைப் பற்றி அறிந்தவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான்: கை நீட்டிப் படுக்கப்போகிறவர். அவர் உண்மையைச் சொன்னால் மட்டுமே சாளரம் மூடும்.

இப்போது நம் மாப்பிள்ளையை நினைத்துப் பாருங்கள். வெளியே மாமியார் அழுதுகொண்டிருக்கிறார். மனைவி பக்கத்திலேயே நிற்கிறார். கேள்வித்தாளில் ஒரு கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுத வேண்டியவர் அவர் என்று வைத்துக்கொள்வோம். எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். “ஏன் எடுக்கலை?” என்று வீடே கேட்கும். அவர் என்ன எழுதுவார்? கெட்ட மனிதர் என்பதால் அவர் பொய் எழுதப்போவதில்லை. மறுக்க வழியில்லாத இடத்தில் நாம் கொண்டுபோய் நிறுத்தியதால்தான் எழுதுவார். தன்னை யாருக்கும் தெரியாத ஒரு ரத்ததான முகாமில் வரிசையில் நிற்பவருக்கு இந்தச் சங்கடம் இல்லை. “இன்னைக்கு வேண்டாம் சார்” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம்.

கொடுப்பவருக்குப் பொய் சொல்ல என்ன காரணம் இருக்கிறது என்று கேட்டு, ரத்த ஆராய்ச்சியையே ஒரு திருப்பு திருப்பியவர் ரிச்சர்ட் டிட்மஸ் என்ற பிரிட்டிஷ் சமூகவியல் அறிஞர். காசு வாங்காமல் ரத்தம் கொடுத்த பிரிட்டனையும், காசுக்கு விற்பது நடைமுறையில் இருந்த அமெரிக்காவையும் ஒப்பிட்டு 1970-ல் அவர் ஒரு புத்தகம் எழுதினார். காசு கொடுத்தால், காசு தேவைப்படுகிறவர் தன் நோயை மறைப்பார். அதனால் வாங்கும் ரத்தத்தைவிட வழங்கும் ரத்தமே பாதுகாப்பானது என்பது அவர் வாதம். 1978-ல் அமெரிக்கா, ரத்தப் பையின் மேல் ‘காசுக்குக் கொடுத்தது’, ‘தானாகக் கொடுத்தது’ என்று எழுதியே ஆக வேண்டும் என்று விதித்தது.

நம் நாட்டிலும் ரத்தம் விற்றுப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். 1986-ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைச் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்த பிறகு அந்த வியாபாரத்தின் ஆபத்து உறைத்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தச் சொன்னது. 1998 ஜனவரி முதல் ரத்தத்தை விற்பதும் வாங்குவதும் நின்றாக வேண்டும் என்றானது. விற்பவர் போன இடத்தில் பெருமளவு வந்து நின்றவர் யார் தெரியுமா? நம் மாப்பிள்ளைதான். காசின் நெருக்கடி போய் உறவின் நெருக்கடி வந்தது.

இதனால் சொந்தக்காரர் எல்லோரும் ஆபத்தானவர்கள், முகாமுக்கு வருபவர் எல்லோரும் சுத்தமானவர்கள் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. முதல்முறை கொடுப்பவர் யாராக இருந்தாலும் அவர் ரத்தம் நமக்குப் புதுசுதான். யாரும் வற்புறுத்தாமல் வருடா வருடம் வந்து கொடுப்பவரை ஒவ்வொரு முறையும் சோதித்திருப்பார்கள். கேள்விகளும் அவருக்குப் பழக்கம். நம்பிக்கையான ரத்தம் என்றால் அவருடையதுதான்.

உறவு விஷயத்தில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. இது உடம்பு சார்ந்தது. நம் அணுக்களின் மேல் அப்பாவிடமிருந்து ஒரு தொகுதி, அம்மாவிடமிருந்து ஒரு தொகுதி என இரண்டு அடையாளங்கள் உண்டு. அவற்றை இரண்டு மொழிகள் என்று வைத்துக்கொள்வோம். நோயாளிக்குத் தமிழும் தெலுங்கும் தெரியும். ரத்தம் கொடுத்த உறவினரிடமோ இரண்டு தொகுதியும் ஒன்றே, தமிழ் மட்டும். ரத்தத்தோடு உள்ளே போன அவருடைய வெள்ளையணுக்கள் தமிழ் பேசுவதைக் கேட்டு, நம்மவர்தான் என்று நோயாளியின் உடம்பு விட்டுவிடும். உள்ளே போனவற்றுக்கோ தெலுங்கு அந்நியம். அவை பெருகி, இடம் கொடுத்த உடம்பையே தாக்கத் தொடங்கும். மிக மிக அரிதாகத்தான் இது நடக்கும். நடந்துவிட்டால் பிழைப்பவர் பத்தில் ஒருவர்கூட இல்லை. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே மணம் முடிக்கும் குடும்பங்களில் இரண்டு தொகுதியும் ஒன்றாக அமைய வாய்ப்பு கூடுதல். அதனால்தான் நெருங்கிய ரத்த உறவினர் ரத்தத்தையே ஏற்ற வேண்டி வந்தால், முதலில் கதிர்வீச்சு கொடுத்து அந்த வெள்ளையணுக்கள் பெருகாமல் செய்யச் சொல்கிறார்கள்.

இன்னும் பிள்ளை பெறும் வயதில் இருக்கும் மனைவிக்குக் கணவனின் ரத்தத்தைத் தவிர்ப்பதும் இப்படி ஒரு காரணத்தால்தான். கணவனின் அணு அடையாளங்களை அவள் உடம்பு எதிரியாகப் பழகிவிட்டால், நாளைக்கு அதே அடையாளத்தோடு வயிற்றில் வளரும் குழந்தையையும் அது விட்டுவைக்காது.

யார் ரத்தம் என்று நாம் இவ்வளவு கவலைப்படுகையில், யாருக்குப் போகிறது என்பது கவனம் தப்பிவிடுகிறது. ஏ, பி, ஓ என்ற பிரிவுகளை வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் கண்டறிந்து நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. இன்றைக்கும் பிரிவு மாறிய ரத்தம் ஏறுவதற்குப் பெரும்பாலும் காரணம் சோதனைச்சாலைப் பிழை இல்லை, பெயர்க் குழப்பம். ஒரே வார்டில் இரண்டு முருகேசன்கள் படுத்திருப்பார்கள். நோயாளியின் பக்கத்தில் இருக்கும் நாம் செய்யக்கூடிய உருப்படியான காரியம் இங்கேதான் இருக்கிறது. சோதனைக்கு ரத்தம் எடுத்த குழாயில் கட்டிலருகிலேயே பெயர் எழுதுகிறார்களா, ஏற்ற வந்த பையில் பெயரும் எண்ணும் பிரிவும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கலாம். முதல் 15 நிமிடம் கூடவே இருந்து, குளிர், நடுக்கம், முதுகுவலி, மூச்சிரைப்பு எது வந்தாலும் உடனே நர்ஸைக் கூப்பிடலாம்.

டீ ஆறிவிட்டது. எதிர் மேசையில் இன்னும் போன் பேச்சு முடிந்தபாடில்லை. அவசரத்தில் உறவைக் கூப்பிடுவது தப்பில்லை. முகாம்கள் போதாத ஊரில் அந்த மாப்பிள்ளைகள்தான் ரத்த வங்கியைத் தாங்குகிறார்கள். அந்தப் பேச்சில் ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும்: “முடியலைன்னா வேண்டாம் மாப்ளே, ஏன்னு கேட்க மாட்டேன்.”