பழைய யந்திரத்துக்குப் புது உபதேசம்

கோயமுத்தூரில் ஒரு மோட்டார் அடியோடு செத்துப் போவது அபூர்வம். புகைந்து கருகிச் சுழல மறுத்து நின்றுவிட்டாலும், அதைக் குப்பையில் எறிய ஒருவருக்கும் மனம் வராது. தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போவார்கள். புதிதாகக் காயில் கட்டி, பேரிங் மாற்றி, சாயம் பூசிக் கொடுத்தால் அது இன்னும் பத்து வருஷம் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும். தகப்பனார் வாங்கிய மோட்டாரை மகன் ஓட்டுவது கொங்கு நாட்டிலே சாதாரண விஷயம்.

இப்படிப்பட்ட ஊரிலே, ஒரு நோயும் இல்லாத யந்திரம் ஒன்றுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது என்று கேள்விப்பட்டபோது நமக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

நமது நண்பர் ஒருவர் பீளமேட்டில் சிறிய லேத் பட்டறை நடத்துகிறார். பம்புகளுக்கு வேண்டிய ஷாப்டுகளைக் கடைந்து கொடுப்பது அவர் தொழில். பட்டறை மூலையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், ஒரு மேஜைக் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஜி.எஸ்.டி. வரி அமுலுக்கு வந்த 2017-ஆம் வருஷத்தில், கணக்கு எழுதுவதற்கென்று வாங்கியது. இன்று வரைபடங்கள், பில்கள், வாடிக்கைக்காரர்களின் பற்று வரவு யாவும் அதற்குள்ளேதான். அந்த ஒரு பெட்டி ஒரு நாள் படுத்துவிட்டால் பட்டறையே ஒரு நாள் படுத்துவிடும்.

"ஏனுங்க, இந்த அநியாயத்தைக் கேட்டீங்களா? நல்லா ஓடிக்கிட்டிருக்குது. ஆனா, இது இனிமேல் ஆகாது, புதுசு வாங்கோணும்னு கடையிலே சொல்றாங்க. நாற்பத்திரண்டாயிரம் ஆகுமாமுங்க. ஓடுற மோட்டாரை எதுக்குங்க தூக்கிப் போடோணும்?" என்று அவர் நம்மிடம் முறையிட்டார்.

கடைக்காரர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. விண்டோஸ் 10 என்னும் ஏற்பாட்டுக்கு மைக்ரோஸாப்ட் கம்பெனியார் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டார்கள். பதிவு செய்துகொள்ளும் வீட்டுக்காரர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை தவணை கொடுத்தார்கள். அடுத்ததான விண்டோஸ் 11-க்கோ நிபந்தனைகள் அதிகம். யந்திரத்தின் மூளையான பிராஸஸர் குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். இரகசியச் சாவிகளைப் பூட்டி வைக்கும் டி.பி.எம். என்னும் இரும்புப் பெட்டியும் உள்ளே இருக்க வேண்டும். நண்பரின் கம்ப்யூட்டரில் இருந்தது ஏ.எம்.டி. கம்பெனியின் முதல் தலைமுறை ரைஸன் பிராஸஸர். அது அந்த ஜாபிதாவில் இல்லை. பெட்டி நன்றாக இருந்தது. ஜாதகம் மட்டுமே சரியில்லை.

நண்பரின் பெண் நகரத்து இஞ்சினீயரிங் கலாசாலை ஒன்றில் படிக்கிறாள். அவள்தான் வழி சொன்னாள்: "அப்பா, பெட்டியை மாத்த வேண்டாமுங்க. பயாஸை மட்டும் புதுப்பிச்சா, இதே போர்டு புது பிராஸஸரை ஏத்துக்கும்."

பயாஸ் என்றால் என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். விசையைத் தட்டிய கணத்தில் கம்ப்யூட்டருக்கு ஒன்றுமே தெரியாது. தனக்கு ஞாபகசக்தி எவ்வளவு, கீபோர்டு இருக்கிறதா, விண்டோஸ் எந்த டிஸ்கில் இருக்கிறது, ஒன்றும் தெரியாது. மில் சங்கு ஊதுவதற்கு முன்பே வந்து, விளக்கைப் போட்டு, ஒவ்வொரு யந்திரமாகத் தொட்டுப் பார்த்து, எல்லாம் சரி என்று கண்ட பிறகே வேலையைத் தொடங்க விடும் மேஸ்திரியைக் கோவைவாசிகள் அறிவார்கள். பயாஸ் அந்த மேஸ்திரி. மதர்போர்டில் நகக்கண் அளவுள்ள ஒரு சில்லுக்குள் அவன் குடியிருக்கிறான். இக்காலத்தில் அவனுடைய வாரிசுக்கு யூ.இ.எப்.ஐ. என்று பெயர், ஆனால் ஊரார் பழக்கத்தை விடாமல் பயாஸ் என்றே அழைக்கிறார்கள். கையால் தொடக்கூடிய ஹார்ட்வேருக்கும், நினைத்தபோது மாற்றக்கூடிய ஸாப்ட்வேருக்கும் நடுவே நிற்கும் இத்தகைய கட்டளைகளுக்குப் பர்ம்வேர் என்ற பெயரை 1967-இல் ஆஷர் ஆப்ளர் என்னும் அமெரிக்கர் வழங்கினார்.

ஆதியில் இந்த மேஸ்திரிக்குப் புதுப் பாடம் சொல்லிக் கொடுக்க முடியாது. 1981-இல் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட கம்ப்யூட்டரில் கட்டளைகள் சில்லிலே அழியா எழுத்தாகப் பொறிக்கப்பட்டிருந்தன. ஆரம்பத்தில் அதை வாங்கியவர்கள் பிறகு ஹார்டு டிஸ்க் பொருத்த விரும்பியபோது, பழைய பயாஸுக்கு அதை இன்னதென்றே தெரியவில்லை. 1982 அக்டோபர்ப் பதிப்பு எழுதிய புதுச் சில்லை வாங்கி, பழையதைப் பிடுங்கிவிட்டுச் சொருக வேண்டியிருந்தது. அதாவது, உபதேசத்தை மாற்ற வேண்டுமானால் குருவையே மாற்ற வேண்டும்! அழித்து எழுதக்கூடிய பிளாஷ் சில்லுகள் 1990-களில் பரவிய பிறகுதான், சில்லைக் கழற்றாமலே பாடத்தை மாற்றும் வசதி வந்தது.

இந்த மேஸ்திரிகளை உலகத்துக்குத் தயாரித்துக் கொடுக்கும் கம்பெனிகள் சிலவே. அவற்றுள் பெரியதொன்றான அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ், 1985-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்தில் சுப்ரமணியன் சங்கர், பாட் சர்மா என்னும் இருவரால் தொடங்கப்பட்டது. பின்னாளில் டெல் என்று பெயர் பெற்ற கம்பெனியே அவர்களுடைய முதல் வாடிக்கைக்காரர். சென்னையிலும் அவர்களுக்கு ஆபீஸ் உண்டு. விசையைத் தட்டியதும் எத்தனையோ கம்ப்யூட்டர்களின் திரையில் தோன்றும் ஏ.எம்.ஐ. என்ற மூன்று எழுத்தை இனிமேல் பார்க்கும்போது, அதற்கும் நமக்கும் உள்ள உறவை நேயர்கள் நினைத்துக்கொள்ளலாம்.

நிற்க. எழுத முடிந்ததை அழிக்கவும் முடியுமல்லவா? 1999 ஏப்ரல் 26-ஆம் தேதி இந்த உண்மையை உலகம் கண்டது. தைவான் தேசத்து மாணவர் ஒருவர் முந்திய வருஷம் எழுதிவிட்ட சி.ஐ.எச். என்னும் வைரஸ் அன்றைய தினம் கண் விழித்து, பல தேசங்களில் கம்ப்யூட்டர்களின் டிஸ்கைப் பாழாக்கியதுடன், பயாஸ் சில்லையும் அழித்தது. மேஸ்திரி மாண்ட ஆலையில் விளக்கைப் போடுவார் யார்?

வைரஸ் இல்லாமலே அந்த விபத்தை நாமும் நம் கையாலேயே செய்துகொண்டிருக்கிறோம். 2012-ஆம் வருஷம் கோவையில் மின்சாரம் விருந்தாளியைப் போல வந்து போய்க்கொண்டிருந்தது. நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு குறையும் இல்லை. ஆயினும் புதிய பயாஸ் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும், 'புதியது என்றால் நல்லது' என்ற ஆசையில் வேலையைத் தொடங்கினோம். பாதி எழுதிக்கொண்டிருக்கையில் விருந்தாளி விடைபெற்றுக்கொண்டார். மறுபடி அவர் வந்தபோது காற்றாடி சுழன்றது. திரை இருட்டாகவே இருந்தது. பழுது பார்ப்பவரிடம் எடுத்துச் சென்று, சில்லின் மேல் கவ்வியை மாட்டி வேறொரு யந்திரத்திலிருந்து எழுதி உயிர் கொடுக்கப் பத்து நாள் ஆயிற்று. குற்றம் யந்திரத்தினுடையதல்ல, மின்சாரத்தினுடையது கூட அல்ல. காரணமில்லாமல் கை வைத்தது நம்முடைய குற்றம்.

ஆகவே நண்பரின் பெண் இந்த யோசனையைச் சொன்னபோது, நாம் முதலில் கேட்ட கேள்வி, "அவசியம் உண்டா, அம்மா?" என்பதுதான்.

"உண்டு மாமா" என்று ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். போர்டின் பெயரும், அதன் மேல் அச்சிட்டிருந்த திருத்த எண்ணும், இப்போதுள்ள பயாஸின் பதிப்பும் முதல் பக்கத்தில் இருந்தன. 2017-ஆம் வருஷத்துப் போர்டுகளும் ரைஸன் 5000 வரிசையை ஏற்கும்படியாக ஏ.எம்.டி. கம்பெனி 2022-இல் வழி செய்ததையும், அந்தத் திருத்தத்தைப் போர்டு செய்தவர்கள் வெளியிட்டிருப்பதையும் குறித்திருந்தாள். நேரே கடைசிப் பதிப்புக்குத் தாவக்கூடாது. நடுவில் ஒரு பதிப்பை ஏற்றிய பிறகே அதை ஏற்ற வேண்டும் என்பது அடுத்த குறிப்பு. சில்லின் கொள்ளளவு 16 மெகாபைட்டுதான். புதிய பிராஸஸர்களுக்கு இடம் பண்ணச் சில கம்பெனிகள் மிகப் பழையவற்றின் பாடத்தை நீக்கியதுண்டு. கடைசிப் பதிப்பு இந்தப் பழைய பிராஸஸரையும் அறியுமா என்று பார்த்து, 'அறியும்' என்று கோடிட்டிருந்தாள். இவ்வளவையும் படித்த பிறகு நமக்கு அவளிடம் கேட்க ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை தொடங்கிற்று. நண்பர் அன்று அதிகாலையிலேயே யூ.பி.எஸ்.ஸுக்குப் புதுப் பாட்டரி வாங்கி மாட்டி, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிக் கால் மணி நேரம் கம்ப்யூட்டரை ஓட்டிப் பார்த்துவிட்டார். "ஷாப்டைத் தண்டிலே ஏத்துமுன்னே சுத்திப் பார்க்கோணுமுங்க" என்றார். கணக்குகள் முழுவதும் இரண்டு டிஸ்க்குகளில் பிரதி எடுக்கப்பட்டன. டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஏற்பாடு இயங்கவில்லை என்பதையும் பெண் உறுதி செய்துகொண்டாள். இயங்கியிருந்தால் முதலில் அதை நிறுத்தி, மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வேலை முடிந்ததும் நம் வீட்டுக்குள் நாமே நுழைய முடியாமல் போய்விடும்.

பயாஸ் திரையிலிருந்த அமைப்புகளைப் படம் பிடித்துக்கொண்டு, பென் டிரைவிலிருந்து முதற் பதிப்பை ஏற்றினாள். திரையில் ஒரு கோடு மெல்ல மெல்ல வளர்ந்தது. லேத்துகள் ஓய்ந்திருந்தன. நண்பர் விசைப் பலகையைத் தம் முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார். மின்சாரம் போகவில்லை. போயிருந்தாலும் பயமில்லை என்பதுதான் 2012-க்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம்.

இரண்டாம் பதிப்பும் ஏறிய பிறகு, யந்திரத்தை நிறுத்திப் பிராஸஸரை மாற்றும் கட்டம் வந்தது. உறவுக்காரப் பையன் ஒருவன் சென்னை ரிச்சி தெருவில் ஏழாயிரம் ரூபாய்க்கு வாங்கி அனுப்பிய பழைய சரக்கு அது. அடியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊசிகள். ஒன்று வளைந்தாலும் காரியம் கெட்டது. பெண்ணின் கை தயங்கிற்று. "நகரு கண்ணு" என்றார் தகப்பனார். நூல் பிசகாமல் இரும்பைக் கடையும் கை அது. மூலையிலுள்ள முக்கோணக் குறியைப் பார்த்து, அழுத்தாமல் வைத்தார். தானே இறங்கி உட்கார்ந்தது.

விசையைத் தட்டினார்கள். காற்றாடி சுழன்றது, திரை இருட்டாகவே இருந்தது. நமக்கு 2012-ஆம் வருஷம் கண்முன் வந்தது. ஒருவரும் பேசவில்லை. "ஞாபகச் சில்லுகளைப் பழகிக்குது, கொஞ்சம் பொறுங்க மாமா, தொடாதீங்க" என்றாள் பெண். இரண்டு நிமிஷம் கழித்துத் திரையில் எழுத்துத் தோன்றியது: புதிய பிராஸஸர் வந்திருக்கிறது, பழைய இரும்புப் பெட்டியின் சாவிகளை அழித்துவிடலாமா என்ற கேள்வி. பிட்லாக்கரைப் பற்றி முன்பே விசாரித்து வைத்ததன் பலன் அப்போது விளங்கிற்று. தயக்கமின்றிச் சம்மதம் தெரிவித்தாள். விண்டோஸ் எழுந்து வந்தது. மறுநாள் விண்டோஸ் 11-உம் ஆட்சேபணை எதுவும் சொல்லாமல் குடியேறிற்று.

எல்லாப் பழைய கம்ப்யூட்டர்களையும் இப்படிக் காப்பாற்றலாம் என்று நாம் சொல்ல வரவில்லை. 2012-ஆம் வருஷத்துப் பெட்டிக்கு எந்தப் பயாஸும் அந்த ஜாபிதாவில் இடம் வாங்கித் தராது. அதற்கு லினக்ஸ் என்னும் இலவச ஏற்பாடு உண்டு. சி-டாக் ஸ்தாபனத்தார் நம் தேசத்துக்கென்று செய்த பாஸ் லினக்ஸ் அதில் ஒரு வகை. குறை ஒன்றும் இல்லாத யந்திரத்தில், பதிப்பு எண் பெரிதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் பயாஸை மாற்றவும் வேண்டாம். புதிய பாகம் பொருத்த வேண்டும். தெரிந்த கோளாறு ஒன்று தீர வேண்டும். அல்லது 2018-இல் வெளிப்பட்ட ஸ்பெக்டர், மெல்ட்டவுன் போன்ற பாதுகாப்பு ஓட்டையை அடைக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்றிருந்தால் செய்யலாம். போர்டு செய்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்தன்றி வேறெங்கிருந்தும் அந்தக் கோப்பை எடுக்கலாகாது.

ஜி. டி. நாயுடு இளமையில் ஓர் ஆங்கிலேய அதிகாரியிடம் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அதைக் கழற்றிப் பூட்டித் தொழில் கற்றார் என்பது ஊரறிந்த கதை. இதே பீளமேட்டில், அவருடைய நாஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸிலேதான் 1937-இல், டி. பாலசுந்தரம் நாயுடுவின் திறமையால், நம் தேசத்தின் முதல் சுதேசி மின்சார மோட்டார் உருவாயிற்று. யந்திரத்தை வாங்குகிறவன் அதன் சொந்தக்காரனாகிவிடுவதில்லை. அதன் உள்ளே நடப்பதை அறிந்தவனே சொந்தக்காரன் என்பது இவ்வூர் கற்ற பாடம். பிறர் விதித்த தேதியில் நம் பொருளைத் தெருவில் எறியாமலிருக்க அந்த அறிவு ஒன்றே துணை.

நாம் விடைபெறும் சமயத்தில், "இன்னும் எத்தனை வருஷம் ஓடும், கண்ணு?" என்று நண்பர் கேட்டார்.

"நீங்க காயில் கட்டின மோட்டாருக்கு என்ன சொல்லுவீங்கப்பா?"

"பார்த்து ஓட்டினா ஓடுமுன்னு சொல்லுவேன்."

"அதேதானுங்க" என்றாள் பெண்.