தக்காளிக்குத் துணை வேண்டும்

கர்நாடகத்தில் கோலார் என்ற மாவட்டம் இருக்கிறது. முன்பு கோலார் என்றால் தங்கச் சுரங்கம். 2001-ஆம் ஆண்டில் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். இன்று கோலார் என்றால் தக்காளி.

ஆனால் தக்காளி விலை நிலையாக நிற்பதில்லை. 2023 ஜூலை மாதம் பல ஊர்களில் ஒரு கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. செப்டம்பரில் உழவருக்குக் கிலோவுக்குச் சில ரூபாய்தான் கிடைத்தது. தக்காளியை மட்டும் நம்பியவர் என்ன செய்வார்?

இதற்கு ஒரு வழி உண்டு. தக்காளியோடு வேறு பயிர்களையும் சேர்த்து வளர்க்கலாம். இதுவே ஊடுபயிர்.

முதல் துணை: கொத்தமல்லி, முள்ளங்கி

தக்காளி நாற்று நட்டதும் வரிசைகளுக்கு நடுவே நிலம் சும்மா கிடக்கும். அங்கே களைதான் முளைக்கும். அந்த இடத்தில் கொத்தமல்லி அல்லது முள்ளங்கி விதையுங்கள். கொத்தமல்லித் தழையை 40 நாளில் பறிக்கலாம். முள்ளங்கியை 45 நாளில் பிடுங்கலாம். தக்காளி பழுக்க ஏறக்குறைய 70 நாள் ஆகும். அதற்கு முன்பே கையில் காசு வரும். தக்காளிச் செடி படரும்போது இவை நிலத்தில் இருக்காது. அதனால் போட்டியும் இல்லை.

இரண்டாம் துணை: தட்டைப்பயறு

இதை வரப்பு ஓரம் விதைக்கலாம். இதன் வேரில் சிறு முடிச்சுகள் இருக்கும். அவற்றில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும். காய் பறித்த பிறகு செடியை மடக்கி உழுதால் மண் வளமாகும்.

மூன்றாம் துணை: செண்டுமல்லி

தக்காளியைத் துளைக்கும் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி. செண்டுமல்லிப் பூ என்றால் அதற்கு மிகவும் பிடிக்கும். அங்கே போய் முட்டையிடும். 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி போதும். பெங்களூரு அருகே ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் சொன்ன முறை இது.

40 நாள் வயதுள்ள செண்டுமல்லி நாற்றையும் 25 நாள் வயதுள்ள தக்காளி நாற்றையும் ஒரே நாளில் நட வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒன்றாகப் பூக்கும். செண்டுமல்லியில் காணும் புழுக்களைப் பொறுக்கி அழித்துவிடுங்கள். நல்ல பூக்களைச் சந்தையில் விற்கலாம்.

எதைச் சேர்க்கக் கூடாது?

கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவை தக்காளிக்குச் சொந்தக்காரர்கள். ஒன்றுக்கு வரும் நோயும் பூச்சியும் மற்றதற்கும் எளிதில் தாவும். இவற்றைத் தக்காளியோடு சேர்த்து நடாதீர்கள்.

முதலில் கால் ஏக்கரில் செய்து பாருங்கள். செலவையும் வரவையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தக்காளி விலை விழுந்த ஆண்டில் மற்ற பயிர்கள் எவ்வளவு தாங்கின என்று அந்தக் கணக்கே சொல்லும்.